ஓடுவரியில் ஒரு திருத்தம்

9 செப்டம்பர் 2024, திங்கள்

காலையில் கடையைத் திறந்து, மக்கர் பண்ணும் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சன்னாசி முதலாளி வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. தன் கேபிள் சேனல் ‘வைகறை டி.வி.’யை இந்த முப்பதாம் தேதியோடு மூடுகிறாராம். யாரும் பார்ப்பதில்லை, பெரிய கம்பெனிக்காரர்களோடு இனி மோத முடியாது என்றார். சின்னமனூர் மொத்தமும் ஒரு காலத்தில் அந்தச் சேனலைத்தான் பார்த்தது.

1999லிருந்து ஏழு வருடம் அங்கே ஓடுவரி அடித்தவள் நான். படத்துக்குக் கீழே வலமிருந்து இடமாக ஓடுமே, அந்த வரி. பிறந்தநாள், பூப்பு நீராட்டு, காணவில்லை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

“கடைசி நாள் பூரா பழைய ஓடுவரியவே ஓட்டலாம்னு பாக்குறேன் தாயி. எல்லாம் இந்த சிடியில கெடக்கு. நீ அடிச்சதுதான, நீயே நல்லதாப் பொறுக்கிக் குடு” என்றார்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. டப்பாவைத் திறந்ததும் சேனலின் அந்த மாடி அறை வாசனை வந்தது. சூடான வயரும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. கடையில் ஆள் இல்லாததால் கொஞ்ச நேரம் மோந்துகொண்டே இருந்தேன்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

10 செப்டம்பர்

சிடி படித்தது. அதுவே பெரிய விஷயம். மாதத்துக்கு ஒரு ஃபைல், கூடவே இரண்டு குட்டி ப்ரோகிராம். ஒன்றின் பெயர் ‘ஓடுவரி’. அந்த ஃபைல்களைத் திறக்கவும் திருத்தவும் ஓட்டவும் அதுதான் வேண்டும். இன்னொன்று ‘கத்தரி’. எந்த ஃபைலின் வயிற்றையும் கிழித்து, உள்ளே ஒவ்வொரு எழுத்தாக மாற்றலாம். இரண்டையும் எழுதியவர் இருதயராஜ் அண்ணன். இராயப்பன்பட்டிக்காரர். அந்த அறையில் நான் அடிப்பேன், அவர் ஓட்டுவார். ஆம்ப்ளிஃபயர் போனால் கேபிள் கம்பத்தில் ஏறுவதும் அவரே.

கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்த மறுநொடி ஆன்டிவைரஸ் குரைத்தது. ‘ஆபத்தான ஃபைல்கள் தனிமைப்படுத்தப்பட்டன.’ ஓடுவரியையும் காணோம், கத்தரியையும் காணோம். கொரோனா காலத்தில் பிடித்துக்கொண்டு போன மாதிரி போய்விட்டது. மூன்று முறை நகல் எடுத்தேன், மூன்று முறையும் அதே கதை.

ஓடுவரி மொத்தமே நாற்பத்திரண்டு கே.பி. இன்று யாராவது அனுப்பும் காலை வணக்கப் பூப்படம்கூட இதைவிடப் பெரிது. இதில் எங்கே வைரஸ் உட்காரும்?

11 செப்டம்பர்

யோசித்துப் பார்த்தால் ஆன்டிவைரஸைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ப்ரோகிராம் ஒரு தடவை ஊரையே கவிழ்த்திருக்கிறது.

2003 ஆகஸ்ட் 27. அரிசி ஆலை முத்திருளாண்டி ஐயாவுக்கு மணிவிழா. காலையில் சடங்கு, சாயங்காலம் வீட்டில் விருந்து. வாழ்த்து ஓட வேண்டிய இடத்தில், இரண்டு மணியிலிருந்து, ‘அன்னாரின் இறுதி ஊர்வலம் மாலை 4 மணிக்கு அவரது இல்லத்திலிருந்து புறப்படும்’ என்று ஓடிவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் கையிலும் மாலை, துக்கத்துக்கு வந்தவர்கள் கையிலும் மாலை. யார் எதற்கு வந்தார்கள் என்பதை அழுகையை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ஐயா பட்டுவேட்டியோடு வாசலுக்கு வந்து, “யாருடா செத்தது?” என்று கேட்டாராம். நாலரைக்கெல்லாம் ஆலை ஆட்கள் மாடி ஏறி வந்து ஒயரை அறுத்துவிட்டார்கள்.

ப்ரோகிராம் பழைய துக்க வரியைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. முதலாளியிடமும் அப்படித்தான் சொன்னேன். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். இப்போது திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி.

இது பழைய கதை. எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நாளைக்கு வேறு ப்ரோகிராம் தேடிப் பார்க்க வேண்டும்.

13 செப்டம்பர்

மாற்று தேடிய கதையைக் கேட்டால் சிரிப்பு வரும்.

முதலில் நோட்பேட். திறந்தால் கொக்கியும் வளையமும் கேள்விக்குறியுமாக ஓர் இழவும் புரியவில்லை. அந்தக் காலத்து எழுத்துரு வேறு. அடுத்து இணையத்தில் இலவச எடிட்டர் ஒன்றை இறக்கினேன். அது கூடவே மூன்று விளம்பரத்தையும் ஒரு ஜோசியப் பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. இதைப் பார்த்து ஆன்டிவைரஸ் மூச்சுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவதாக எழுத்துரு மாற்றி. கண்ணீர் அஞ்சலி கொஞ்சம் தெரிந்தது, ஆனால் எல்லா நாளும் ஒரே கூழாகக் கலந்து கிடந்தது. எந்த வரி எங்கே முடிகிறது என்பது ஓடுவரிக்குத்தான் தெரியும்.

வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். சாப்பிடும்போது, “எங்க பெரியப்பாவைச் சாகடிச்ச ப்ரோகிராம்தான? அது பொழைக்காது விடு” என்றார். முத்திருளாண்டி ஐயா அவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா. எண்பத்தொரு வயதில் இன்றைக்கும் காலையில் வாய்க்கால் வரை நடந்து போய்விட்டு வருகிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இவர் இலையை மடித்ததில்லை.

சிரித்துவிட்டு ரசம் ஊற்றினேன்.

16 செப்டம்பர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் ஜாபர் வந்தார். ஓடுவரியை ஏதோ ஒரு தளத்தில் ஏற்றினார். எழுபது ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லுமாம். ஒன்பது மட்டும் கெட்டது என்றன. அந்த ஒன்பதும் ஒன்பது பெயர் சொன்னன.

“பாத்தீங்களாக்கா? நெசமாவே திருடனா இருந்தா எல்லாம் ஒரே பேரச் சொல்லும். இது சும்மா சந்தேகக் கேசு. பழசு, இன்னார் எழுதுனதுன்னு யாரும் கையெழுத்துப் போடல, ஊர்ல ரெண்டு பேருகூட பயன்படுத்துறதில்ல. அதான் புடிச்சு வச்சுக்குது.”

“அப்ப ஆபத்தில்லையா?”

“தொண்ணூறு சதம் இல்ல. எழுதினவர் உசுரோட இருக்காருல்ல? ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

எழுதியவரைக் கேட்க வேண்டுமாம். ஜாபருக்கு என்ன, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

17 செப்டம்பர்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் வீட்டுக்காரர் முகம் முருங்கைக்காய்தான்.

19 செப்டம்பர்

இராயப்பன்பட்டியில் அண்ணனின் தம்பி உரக்கடை வைத்திருக்கிறார். போர்டில் நம்பர் இருக்கிறது. கம்பத்துக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்த போர்டைப் பார்த்திருக்கிறேன். நம்பரைப் பார்க்காமலே சொல்வேன். இன்று போட்டு, அவரிடம் திருப்பூர் நம்பர் வாங்கினேன்.

“அண்ணே, நான் மங்கை. சின்னமனூரு.”

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

“வைகறை மங்கையா?”

“ஆமாண்ணே. ஓடுவரிய ஆன்டிவைரஸ் திங்குது.”

சிரித்தார். அதே சிரிப்பு, மூக்கால் பாதியும் வாயால் பாதியும். “அத இன்னுமா வச்சிருக்கீங்க?”

கடைசி நாள் ஏற்பாட்டைச் சொன்னேன். உடனே வேலையில் இறங்கிவிட்டார். “ஃப்ளாப்பியில எடம் பத்தணும்னு ப்ரோகிராம அமுக்கிச் சுருக்கி வச்சிருந்தேன். இப்ப திருட்டு ப்ரோகிராம் எழுதறவனும் அதே மாதிரிதான் சுருக்கி ஒளிச்சு வக்கிறான். ஆன்டிவைரஸ் என்ன பண்ணும், பாவம். அதுக்கு என்னையத் தெரியாதுல்ல. நீ ஒண்ணு பண்ணு. ஆன்டிவைரஸ மொத்தமா நிறுத்திப்புடாத. அந்த ஒரு ஃபோல்டர மட்டும் பாக்காதன்னு சொல்லி வை. சுருக்காத காப்பி என்கிட்ட கெடக்கும், தேடி அனுப்புறேன்.”

அப்புறம் கேட்டார்: “எந்த வருசமெல்லாம் எடுக்கப்போற?”

“எல்லாந்தாண்ணே.”

“2003 ஆகஸ்ட்டு வேணாம் மங்கை. அந்த மாச ஃபைல் கெட்டுப்போயிருக்கும்.”

சரிண்ணே என்றேன். ஒரே சிடியில் எண்பது சொச்சம் மாத ஃபைல் இருக்கும்போது ஒன்று மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்கவில்லை. நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. வைத்த பிறகுதான் உறைத்தது.

21 செப்டம்பர், சனி

அண்ணன் அனுப்பிய காப்பி வந்தது. ஜாபர் மறுபடி ஏற்றிப் பார்த்தார். இந்த முறை எழுபதில் இரண்டுதான் குரைத்தன. அந்த இரண்டும் தென்னை மட்டை விழுந்தாலும் குரைக்கும் ரகம் என்றார். ஓடுவரிக்கும் கத்தரிக்கும் தனி ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் விலக்கி வைத்தாயிற்று.

ஓடுவரி திறந்தது. அந்த நீலத் திரையும் மூலையில் துடிக்கும் மஞ்சள் கட்டமும் அப்படியே. ‘யார்?’ என்று கேட்டது. விரல் தானாகப் போய் ‘ம’ அடித்தது. அவர் உட்கார்ந்தால் ‘இ’ அடிப்பார். நாங்கள் இரண்டே பேர்தான்.

கடையைச் சாத்தாமலே மூன்று மணி நேரம் வாசித்திருக்கிறேன். ஜெராக்ஸுக்கு வந்தவர்கள் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

‘தேர்முட்டி அருகே ஒற்றைக் கொலுசு கண்டெடுக்கப்பட்டுள்ளது. மற்றொரு காலைக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்.’

‘பத்தாம் வகுப்புத் தேர்வில் நான்காம் முறை முயன்று வெற்றி பெற்ற அன்புத் தம்பி செல்லப்பாண்டிக்கு நண்பர்களின் நெஞ்சார்ந்த வாழ்த்துகள்.’

‘நேற்றுக் காணாமல் போன பசு தானாக வீடு திரும்பியது. தேடிய அனைவருக்கும் நன்றி.’

இதை எல்லாம் அடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. சைக்கிளில் வருவாள். மாடிப்படியில் ஏறும்போதே, “இன்னிக்கு எத்தனை பொறப்பு, எத்தனை எறப்பு?” என்று கத்துவார் அண்ணன். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த மாதிரி நாள் இனி வராது என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

2003 ஆகஸ்ட்டைத் திறக்கவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று அவரே சொன்னாரே.

24 செப்டம்பர்

முப்பது பக்கம் தேறிவிட்டது. முதலாளியிடம் காட்டினேன், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருதயராஜ் அண்ணனையும் கடைசி நாளுக்குக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

“அவன் பேச்சே வேணாம் தாயி. தொழில் தெரியாத பய ஒரு ப்ரோகிராமப் பண்ணி, அரிசி ஆலை வாசல்ல என்னைய கையக் கட்டி நிக்க வச்சான். இன்னிக்கும் ஊர்ல அதத்தான் சொல்றாய்ங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் நல்ல பழக்கம்.

25 செப்டம்பர்

திறந்துவிட்டேன்.

ஃபைல் கெடவில்லை. 27ஆம் தேதி, பதினோராவது வரி. ஐயா பெயர், அதையடுத்து இறுதி ஊர்வலம்.

எங்கள் வேலை எப்படி என்றால், எதையும் புதிதாக அடிக்க மாட்டோம். நேற்றைய வரியை நகல் எடுத்துப் பெயரை மாற்றி, மிச்சத்தை மாற்றுவோம். அன்று மதியம் நான் தனியாக இருந்தேன். மூன்று மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், அம்மா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். முந்தின நாள் இறந்த கணக்கு வாத்தியார் வரியை நகல் எடுத்தேன். பெயரை மாற்றினேன். மிச்சத்தையும் மாற்றினேன் என்றுதான் இருபத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, நினைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். மாற்றவில்லை என்று படிக்கட்டில் இறங்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. திரும்பி ஏறினால் புடவை மாற்ற நேரம் இருக்காது.

ஓடுவரியில் எஃப் ஒன்பதை அமுக்கினால் எந்த வரியை யார், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று தெரியும். ‘ம’ என்று வரும், பார்த்துத் தொலைப்போம் என்று அமுக்கினேன்.

‘இ, 1.42’ என்று வந்தது.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. வெட்கமில்லாமல் அதையும் எழுதி வைக்கிறேன். நான் இல்லை, அவர்தான், இதோ சாட்சி என்று நெஞ்சு லேசானது. ஒரு அரை நிமிடம்.

அன்று 1.42க்கு அண்ணன் உத்தமபாளையத்தில் இருந்தார். ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனவர் நாலு மணிக்குத்தான் வந்தார். அதனால்தான் நான் தனியாக இருந்தேன். பத்தாவது வரி ‘ம, 1.39’. பன்னிரண்டாவது ‘ம, 1.45’. நடுவில் அவர் எப்படி வந்து உட்கார்ந்தார்? ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் பார்த்தேன். அன்று சாயங்காலம் 6.10. நாலரைக்கே ஒயரை அறுத்தாயிற்று, அதற்கு மேல் ஓட்ட என்ன இருக்கிறது? ஐந்தரைக்கு முதலாளி அவரைப் போகச் சொன்னார். சாமானை எடுத்துக்கொள்கிறேன் என்று தனியாக மாடிக்குப் போனார்.

அந்த அடையாளத்தை ஓடுவரியில் மாற்ற முடியாது. கத்தரியில் மாற்றலாம். ஒரே ஓர் எழுத்து.

எனக்காக ஒளித்து வைத்ததை நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

26 செப்டம்பர்

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

27 செப்டம்பர்

இதை இப்படியே மூடிவிடலாம். சாட்சி என் பக்கம். முப்பதாம் தேதிக்குப் பிறகு சேனலும் இல்லை, கேட்பவரும் இல்லை. மத்தியானம் முழுக்க இதைத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று மணிவிழாவுக்கு வந்த கையோடு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இவர் வீட்டார்தான். அவர்கள் பெரியப்பாவை உயிரோடு பாடையில் ஏற்றியவள் நான் என்று தெரிந்திருந்தால் பஜ்ஜியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டுவிட்டு முற்றத்துக் கொடியைப் பார்த்தார். “என்கிட்ட நீ சொல்லலைங்கறது கெடக்கட்டும். அந்த மனுசன நான் எத்தனை பந்தியில சொல்லிச் சிரிச்சிருக்கேன்” என்றார். எழுந்து போய் காய்ந்த துணியெல்லாம் எடுத்து மடித்தார். அவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை.

28 செப்டம்பர், சனி

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஒண்ணே முக்காலுக்கு நீங்க உத்தமபாளையத்துல இருந்தீங்க.”

அவருக்குப் பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

“ஏண்ணே அப்பிடிப் பண்ணுனீங்க?”

“முதலாளி கத்துன கத்துல, மறுநாள் யாரையாவது வச்சு அந்த ஃபைலத் தொறந்து பாத்துருவாருன்னு நெனச்சேன். உனக்கு அன்னைக்குத்தான வீட்டுக்கு ஆளு வந்துருந்தாங்க. எனக்கு என்ன, நான் எங்கயும் போய் பொழச்சுக்குவேன்” என்றார். “பொழச்சேன்ல?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை வாசலில் ஆதார் ஜெராக்ஸுக்கு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார், அவர் எதிரிலேயே அழுதேன். முப்பதாம் தேதி வாங்கண்ணே என்றேன். வேலை இருக்கு மங்கை என்று வைத்துவிட்டார்.

30 செப்டம்பர், திங்கள்

விடிந்ததும் மாடி அறைக்குப் போனேன். படி அதே படிதான், மூச்சு மட்டும் வாங்குகிறது. ஓடுவரி ‘யார்?’ என்று கேட்டது. ‘ம’ அடித்தேன். பழைய வரி எதையும் நகல் எடுக்காமல் முதல் எழுத்திலிருந்து புதிதாக அடித்தேன்.

‘திருத்தம்: 27.8.2003 அன்று அரிசி ஆலை திரு. முத்திருளாண்டி அவர்களின் மணிவிழா வாழ்த்து தவறாக ஓடியதற்குக் காரணம் ப்ரோகிராம் அல்ல, அதை எழுதிய திரு. இருதயராஜும் அல்ல. பழைய வரியை நகல் எடுத்து மாற்ற மறந்ததும், பழியை அவர் மேல் போட்டதும் நான். இப்படிக்கு, அன்று ஓடுவரி அடித்த மங்கையர்க்கரசி.’

முதலாளி வந்து இரண்டு தடவை வாசித்தார்.

“பேரு போடணுமா தாயி?”

“போடணும் முதலாளி.”

“அவன அன்னைக்கு நான் என்னென்னமோ பேசிப்புட்டேனே” என்றார். அப்புறம், “ஓட்டு” என்றார்.

பழைய வரிகளுக்கு நடுவே, பத்துப் பத்து வரிக்கு ஒருமுறை திருத்தமும் ஓடியது. ஒன்பது மணிக்கு முதல் போன். முத்திருளாண்டி ஐயாவே.

“ஏத்தா, அப்ப என்னையச் சாகடிச்சது நீதானா?”

“ஆமாங்கய்யா. மன்னிச்சுக்கங்க.”

“அன்னைக்கு எவன் எவன் நெசமா அழுதான்னு பாத்து வச்சுக்கிட்டேன்த்தா. வேற எவனுக்கு அந்தக் கொடுப்பினை கெடைக்கும்?” என்று சிரித்தவர், உடனே குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பயலத்தான் நம்ம ஆளுக கைநீட்டிப்புட்டாய்ங்க. அதுக்கு என்ன செய்ய?”

அடித்தார்கள் என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

மத்தியானம் வரை போன் ஓயவில்லை. சிலர் திட்டினார்கள், சிலர் கொலுசைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி ஒரு சுற்று ஓடும் வரை நின்றுவிட்டுப் போனார்.

நாலரை மணி இருக்கும். போனில் திருப்பூர் நம்பர்.

“மங்கை, வேகம் நாலுல வச்சிருக்க. ஆறுல வை. இம்புட்டு மெதுவா ஓடுனா யாரு நின்னு படிப்பா?”

“அண்ணே, நீங்க எங்கேர்ந்து பாக்குறீங்க?”

“சின்னமனூரு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. இங்க ஒரு கூட்டமே நிக்குது. எனக்குக் கூச்சமா இருக்கு, சீக்கிரம் ஓட்டி விடு.”

“டீயக் குடிச்சிட்டு மேல வாங்கண்ணே” என்றேன்.

கதவைத் திறந்து வைத்தேன். வேகத்தை நாலிலேயே விட்டுவிட்டேன்.